மாமன் குரல் வராத கேம் பெட்டி

எங்கள் நெட் கம்பெனியில் இப்போது புகார் கேட்பதற்கு ஒரு பெண் குரலை வைத்திருக்கிறார்கள். ஆள் கிடையாது, வெறும் குரல். "உங்கள் மோடத்தை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடவும்" என்கிறது. அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்று சொன்னால், சலிக்காமல் மறுபடியும் அதையே சொல்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஏற்பாடு இது. நான் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. நான் லைனில் ஓடிய வரைக்கும் அப்படி ஒரு குரலுக்குத் தேவை வரவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

லைனில் ஓடுகிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருத்தன் கேட்டான்: "சின்னையாண்ணே, டிவி ஓடுது, போன் ஓடுது, கேம் பெட்டி மட்டும் மக்கர் பண்ணுது. ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணி ஸ்விட்சே தேஞ்சு போச்சு. நீங்க எப்படிப் பார்ப்பீங்க?" இன்னொருத்தன் உடனே, "அண்ணே, வாய்ஸ் மெசேஜ் போட்றாதீங்க. போன தடவை நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு கம்பத்துல ஏறி எறங்கிட்டேன்" என்று போட்டான். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. சிரிக்கட்டும். எழுதியே போடுகிறேன். கேம் பெட்டி என்றால் இந்த மாவட்டத்தில் அன்றைக்கு என்னைத்தான் கேட்பார்கள்.

நான் எட்டாவது பெயில். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கேபிள் டிவி வந்த புதிதில், மரத்துக்கு மரம் ஒயர் இழுக்க ஆள் தேடினார்கள். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கையை உதறிவிட்டுப் போனவன்தான், முப்பது வருஷத்துக்கு மேல் இறங்கவில்லை. கறுப்பு ஒயர் போய்க் கண்ணாடி இழை வந்தது. தலைமுடியைவிடச் சன்னமான அந்த இழையைச் சீவி, மெஷினில் வைத்து ஒட்டவேண்டும். டிப்ளமோ படித்த பையன்களுக்கே கை நடுங்கும். எனக்கு நடுங்காது. நான் இங்கிலீஷ் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, மோடத்தின் மூஞ்சியில்தான். பவர், பான், லாஸ், லேன் என்று விளக்குக்குக் கீழே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிக் கூட்டியே கற்றுக்கொண்டேன். பான் பச்சையாக நின்றால் கம்பெனியோடு இணைப்பு இருக்கிறது, லாஸ் சிவப்பாக எரிந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது. அதைவிட நல்ல இங்கிலீஷ் பாடத்தை எந்த வாத்தியாரும் எனக்கு நடத்தவில்லை.

ஒரு வாத்தியாரம்மா மட்டும் விதிவிலக்கு. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் அது அநியாயம்.

சரண்யா மேடம் எங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு மேற்பார்வையாளராக வந்தபோது அவருக்கு என் மூத்த மகள் வயதுதான். இஞ்சினீயரிங் படிப்பு. கீரனூர்ப் பக்கம் சொந்த ஊர். இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் நான் கைகட்டிப் பதில் சொல்வதா என்று முதல் வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது வாரம் முறைப்பு போய்விட்டது. மனுஷி வேலையைத் தெரிந்து வைத்திருந்தார்.

அவர் பழக்கம் ஒன்று உண்டு. புகார் வந்த வீட்டில் நின்றுகொண்டு போன் போட்டு, "மேடம், நெட்டு வரலை" என்று சொன்னால் கோபம் வராது, ஆனால் கேட்டுக்கொள்ளவே மாட்டார்.

"அண்ணே, வருதா வரலையாங்கிறதை நான் சொல்றேன். ஒங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க."

"லேன் லைட் எரியலை மேடம்."

"இப்பச் சொன்னீங்க பாருங்க, இது சேதி."

அப்புறம், எதையும் பிடுங்க விடமாட்டார். போன உடனே ஒயரைப் பிடுங்கி மாட்டுவதுதான் எங்கள் ஆட்கள் வழக்கம். பிடுங்கி மாட்டினால் சில நேரம் சரியாகிவிடும். எதனால் கெட்டது என்பது தெரியாமலே போய்விடும், அடுத்த மழைக்கு மறுபடியும் கெடும். "நோயாளியைத் தூக்கி உலுக்கிட்டு அப்பறமா நாடி பிடிக்கிறதாண்ணே?" என்று கேட்பார். அதனால் அவர் சொன்ன முறை இது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் பார்க்கவேண்டும். விளக்குகளைப் பார்க்கவேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது, அதன்மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். வீட்டுக்காரரிடம் 'என்ன ஓடவில்லை' என்று கேட்பதற்கு முன்னால் 'என்னவெல்லாம் ஓடுகிறது' என்று கேட்கவேண்டும். கடைசியாக, 'எப்போதிலிருந்து'. அதற்குப் பிறகுதான் கை.

நான் அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லிக்கொள்வார். நானும் அவருக்குக் கம்பம் ஏறுவதைத் தவிர எல்லாம் சொல்லிக்கொடுத்ததாக வெளியே சொல்லிக்கொள்வேன். இரண்டு பேரும் இந்த விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

இந்தக் கையைப் பின்னால் கட்டும் முறையின் அருமை ஆயுத பூஜைக்கு மறுநாள் தெரியும். நம் ஊரில் அன்றைக்கு மண்வெட்டிக்கும் பொட்டு, மிக்ஸிக்கும் பொட்டு. கேம் பெட்டி விலை கூடிய சாமானாயிற்றே, விடுவார்களா? மோடத்தையும் கேம் பெட்டியையும் கழற்றிக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்து, சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, மறுநாள் திருப்பி மாட்டுவார்கள். ஓட்டை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தனம். ஒரு வருஷம் ஆலங்குடி ரோட்டில் ஒரு வீட்டில், லேன் ஒயர் மாட்டுகிற பொந்துக்குள்ளேயே சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"ஏங்க, வெளியில வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரம்மா, "நெட்டு அந்த வழியாத்தானே உள்ள வருது? அதான் வாசலுக்கு வச்சேன்" என்றார்.

பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி என் பைக்குள் அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன். சந்தனம் எடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. பிள்ளைகளே, நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும், குடும்பம் முழுக்க வெளியூரிலும் வெளிநாட்டிலும். கோயில் காரியத்துக்கு எல்லோரும் வந்து இறங்கியதும் பிள்ளைகள் கேம் பெட்டியை மாடியில் வைத்துக்கொண்டு, வைஃபை கிடைக்கவில்லை என்று அழுதன. சுவர் அவ்வளவு கனம். அலை அதற்குள் நுழையாது. சுவரை ஒரு இடத்தில் துளைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. முற்றத்தில் துணி காயப்போடும் கொடி ஒன்று மாடிக் கைப்பிடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதே கொடியோடு ஒயரைச் சுற்றி மாடிக்கு ஏற்றினேன். ஒரு ஆணி அடிக்கவில்லை. பெரியவர் தன் கையால் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் கிடைக்காது என்று பிறகு சொன்னார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்தது. நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் அதுதான்.

கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு ஊர். இராமையா என்று முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். மனைவி பெயர் தனம். ஒரே பெண் ஓவியா, அப்போது ஐந்தாவது படித்தாள். அந்த வீட்டுக்கு நெட் கொடுத்தது நான். அந்த வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும். சுத்துவட்டாரத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது.

அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓவியாவுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். தனத்தின் தம்பி பாண்டிதான் மாமன். சிங்கப்பூரில் கட்டட வேலை. பந்தல் போட்டாகிவிட்டது, ஆடு அறுத்தாகிவிட்டது, ஊர் கூடிவிட்டது. பாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. வேலை நின்றுவிடும் என்று கடைசி நாளில் மறுத்துவிட்டார்களாம். அவன் என்ன செய்தான், ஊருக்கு வந்த ஒரு ஆள் கையில் இந்தக் கேம் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டான். மற்ற சொந்தக்காரர்கள் அதைத் தட்டில் வைத்து, மேலே மாலை சுற்றி, மேளத்தோடு மாமன் சீராகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சீர் வந்தது, மாமன் வரவில்லை. இராமையா பந்தல் நடுவில் நின்றுகொண்டு, "எல்லாரும் சாப்பிட்டுப் போங்க, காது குத்து இன்னைக்கி இல்லை" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். வேறு ஒரு பங்காளி மாமனை உட்கார வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

அதிலிருந்து மச்சான் மச்சினன் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த வீட்டுப் போனில் பாண்டி பெயரே வரக்கூடாது என்று இராமையா சொல்லிவிட்டார். பிள்ளைக்குக் காதும் குத்தவில்லை. பத்து வயசுப் பெண் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கண்ணாடி வைத்த ஒட்டுப் பொட்டைக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு போனாள். தனம் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுப் புகார் வந்தது. போனேன்.

தனம் வாசலில் முந்திரிப் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தோடு எழுந்தது.

"வாங்கண்ணே. பாப்பா கேம்ல சத்தம் வர மாட்டேங்குது."

"என்ன சத்தம் தங்கச்சி? பாட்டா, மியூசிக்கா?"

"பேசுற சத்தம்."

"யாரு பேசுற சத்தம்?"

தனம் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தது. "கூட வெளையாடுறவங்க பேசுறது" என்றது.

உள்ளே போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டிவிக்குப் பக்கத்தில் கேம் பெட்டி. மாலை சுற்றி வந்த பெட்டி, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மோடத்தில் பவர் பச்சை, பான் பச்சை, லாஸ் அணைந்திருந்தது. இழையில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று மீட்டரில் பார்த்தேன், நன்றாக வந்தது. கேம் பெட்டிக்கு வைஃபை இல்லை, நான் போட்டுக்கொடுத்த ஒயர்தான். எலி கடிக்கவில்லை. எங்கும் மடங்கவில்லை.

"என்னவெல்லாம் ஓடுது?" என்று ஓவியாவைக் கேட்டேன்.

"எல்லாம் ஓடுது தாத்தா."

தலைக்கு அப்போதுதான் மை போட்டிருந்தேன். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் போட்டுக் காட்டினாள். ஒரு தீவு. அதில் கல்லும் மரமும் சேர்த்து வீடு கட்டுகிற விளையாட்டு. பாதிக் கட்டிய ஒரு மாடி வீடு நின்றது. விளையாட்டு தண்ணீர் மாதிரி ஓடியது. புதுக்கோட்டையில் இருக்கிற வகுப்புத் தோழியைக் கூப்பிடச் சொன்னேன். அந்தப் பிள்ளை, "ஏய் ஓவியா, கணக்கு ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?" என்று டிவியில் கணீரென்று கேட்டது. பேச்சும் வருகிறது!

"வருதே கண்ணு?"

"இவளுக்கு வருது. இன்னொருத்தருக்கு வரலை."

"எந்த ஊர் இன்னொருத்தர்?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா முறத்தைப் பார்த்தது. எனக்கு விளங்கிவிட்டது. வீடு கட்டுகிற விளையாட்டு. கட்டட வேலை பார்க்கிற மாமன். வாரம் முழுக்க அங்கே ஊரான் கட்டடத்தைக் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரூமில் கூட இருப்பவனுடைய பெட்டியை வாங்கி, மருமகளோடு சேர்ந்து இங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். போனில் பெயர் வரக்கூடாது என்றுதானே உத்தரவு. இது போன் இல்லையே. தனம் பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டே தம்பி குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்றுவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"பள்ளிக்கூடம் தொறந்த வாரத்துலேர்ந்து" என்றாள் ஓவியா. "மாமா... அவுக வந்து நிக்கிற மாதிரி காட்டுது தாத்தா. வீட்டுக்குக் கல்லு தூக்கிக் குடுக்குறாக. வாய் மட்டும் வர மாட்டேங்குது."

சரண்யா மேடத்தைப் பிடித்தேன். கண்ணில் பட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். கேம் பெட்டியிலேயே நெட்டைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் உண்டு. அதைப் போடச் சொன்னார். எல்லாம் 'சரி' என்று வந்து, நாட் டைப் என்ற ஒரு வரியில் மட்டும் 'மூன்று' என்று நின்றது. மூன்று என்றால் வெளியிலிருந்து வருகிற வழி மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

"அந்தப் பக்கத்து ஆளு எந்த நெட்டுல இருக்காரு?" என்று மேடம் கேட்டதை ஓவியாவிடம் கேட்டேன்.

ஓவியா என் காதோரம் வந்து, "போன்லேர்ந்து எடுத்துக்கிறாகளாம்" என்றாள்.

"அப்ப ரெண்டு பக்கமும் மூடியிருக்குண்ணே" என்றார் மேடம்.

பிள்ளைகளுக்காக இதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே சொல்கிறேன். முன்பு ஒவ்வொரு வீட்டு நெட்டுக்கும் ஒரு தனி நம்பர் இருந்தது. ஆள் கூடக் கூட நம்பர் போதவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில்தான் எங்கள் கம்பெனி பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே நம்பர் என்று மாற்றியது. இதனால் யாருக்கும் வித்தியாசம் எதுவும் தெரியாது. வீட்டிலிருந்து நாம் வெளியே போய் ஒன்றைக் கேட்டால் பதில் நம்மைத் தேடி வந்துவிடும். வெளியிலிருந்து ஒருத்தன் தானாக நம்மைத் தேடி வந்தால்தான், எந்த வீடு என்று தெரியாமல் திரும்பிப் போவான். விளையாட்டு நடுவில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் வழியாகப் போவதால் ஓடும். பேச்சு பெட்டிக்குப் பெட்டி நேராகப் போகிறது. இரண்டில் ஒரு பக்கம் திறந்திருந்தால் போதும், பேசிக்கொள்ளலாம். தோழி வீட்டில் வேறு கம்பெனி நெட், அது திறந்திருந்தது. பாண்டி எடுக்கிற போன் நெட்டும் நம்முடையது மாதிரியே மூடியது. பாண்டி பக்கத்தை நாம் ஒன்றும் செய்யமுடியாது. இந்த வீட்டுக்குப் பழையபடி தனி நம்பர் கொடுத்தால் தீர்ந்தது.

"குடுத்துருங்க மேடம்."

"குடுக்கலாம். கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"இராமையா."

"அவர் போனுக்கு ஓடிபி வரும். அதை வாங்கிச் சொல்லுங்க. எதுக்குன்னு அவருக்குச் சொல்லிட்டுத்தான் வாங்கணும். சும்மா நம்பரைச் சொல்லுங்கன்னு கேக்குறது திருட்டுப் பய வேலை, நம்ம வேலை இல்ல."

நான் தனத்தைப் பார்த்தேன். ஓடிபி என்றால் என்ன என்று இந்தக் காலத்தில் யாருக்கு விளக்கவேண்டும்? தனம் மறுபடியும் வாசலை எட்டிப் பார்த்தது. "வேணாம்ணே. அவுகளுக்குத் தெரிஞ்சா இந்தப் பெட்டியே வீட்டுல இருக்காது. விட்ருங்க" என்றது. விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். இராமையா தோப்பிலிருந்து மூட்டையோடு வந்து இறங்கினார்.

"என்னண்ணே இங்கிட்டு? நெட்டு நல்லாத்தானே ஓடுது? காலையிலகூட நியூஸ் பார்த்தேனே."

"நெட்டு ஓடுது தம்பி. பாப்பா கேம்ல பேச்சு ஓடலை. கம்பெனி பக்கம் ஒன்னைத் தொறந்து விடணும். ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும்."

"பேச்சா? எங்கிட்டுப் பேசணும்?"

நான் பேச ஆரம்பித்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னால் மேடத்துக்குத் துரோகம், உண்மை சொன்னால் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் துரோகம். நின்றேன்.

ஓவியாதான் சொன்னாள். "சிங்கப்பூருக்குப்பா. மாமாகிட்ட."

மேடம் ஓடிபியை அனுப்பிவிட்டார் போல, சரியாக அந்த நேரத்தில் இராமையாவின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

என் காதில் மேடம், "அண்ணே, வந்துச்சா?" என்றார்.

"வந்துருச்சு மேடம்."

"சொல்லச் சொல்லுங்க. கொஞ்ச நேரந்தான் செல்லும்."

இராமையா சொல்லவில்லை. விளையாட்டில் அந்தப் பாதி வீட்டுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பொம்மை கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதுதான் பாண்டி. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் காலாவதியாகிவிட்டது.

தனம் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தது. "ஒங்களுக்குத் தெரியாமச் செஞ்சது தப்புத்தான். நான் அவன்கூட ஒரு வார்த்தை பேசலை. பிள்ளைதான் பேசுச்சு. நான் கேட்டுக்கிட்டு மட்டுந்தான் இருந்தேன்."

"எனக்குத் தெரியாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் இராமையா. சத்தமே போடவில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் எங்க படுத்திருக்கேன்? இந்தச் செவுத்துக்கு அங்கிட்டு. நீ சத்தத்தைக் கொறச்சு வச்சா கேக்காதா? ஒந்தம்பி சிரிக்கிற சிரிப்புக்குத் தோப்புல மயிலு எந்திரிச்சு ஓடும்."

தனம் வாயைப் பொத்திக்கொண்டது.

"அப்பறம் ஏங்க ஒன்னுஞ் சொல்லலை?"

"என்னைய யாரும் கேக்கலை. நானும் பேசாமக் கெடந்தேன். இப்பல்ல கம்பெனிக்காரன் கேக்குறான், சம்மதமான்னு." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கி நான் பந்தல்ல நின்ன நெலமை ஒனக்குத் தெரியும்ல? சொந்தக்காரன் பூராம் எலையப் போட்டு உக்காந்திருக்கான்..."

"தெரியும்ங்க."

"நான் வாயத் தொறந்து சரிங்கணுமா?"

இந்த இடத்தில் நான் நுழைந்தேன். என் மனைவி இன்றைக்கும் சொல்வாள், நான் நுழையாத இடம் கிடையாது என்று. ஆனால் அன்றைக்கு நான் பஞ்சாயத்துப் பேசவில்லை. "தம்பி, நான் ஒங்க சொந்தக்காரன் இல்லை. எனக்கு ரெண்டு பக்கமும் வேணும். மேடம் லைன்ல காத்துக்கிட்டு இருக்காங்க. வேணும்னா வேணும்னு சொல்லுவேன், வேணாம்னா வேணாம்னு எழுதி முடிச்சிட்டுப் போயிருவேன். எது சொல்லட்டும்?" என்றேன்.

அவர் டிவியில் நின்ற பொம்மையை மறுபடியும் பார்த்தார். மேடம் லைனை வைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க" என்றார் இராமையா.

மறுபடி சிணுங்கியது. போனை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தனத்திடம் கொடுத்தார்.

"கண்ணாடி இல்லை. நீ படி."

கண்ணாடி அவர் சட்டைப் பையில் போனுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. நான் பார்த்தேன், தனமும் பார்த்தது. போனை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் படித்தது. இரண்டு எண்ணுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டது. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல, மேடம் அங்கே அடித்தார்.

"மோடத்தை இப்ப அணைச்சுப் போடுங்கண்ணே. இப்பத் தொடலாம்."

அணைத்துப் போட்டேன். பவர் வந்தது. பான் மின்னி மின்னி நின்றது. லேன் துடித்தது. கேம் பெட்டியில் சோதனையை மறுபடி ஓடவிட்டேன். நாட் டைப் என்ற வரியில் 'மூன்று' இருந்த இடத்தில் 'இரண்டு' வந்தது.

"கூப்பிடு கண்ணு" என்றேன்.

ஓவியா பித்தானை அமுக்கினாள். டிவியில் கரகரவென்று ஏதோ கேட்டது. பின்னால் நாலைந்து பேர் பேசுகிற இரைச்சல், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அதற்கு மேலே ஒரு குரல்:

"மருமவளே! கேக்குதா? ஏ பாப்பா, மாமன் பேசுறது கேக்குதா? நாலு வாரமாக் கத்துறேன் தாயி, தொண்டத் தண்ணி வத்திப் போச்சு!"

"கேக்குது மாமா!"

"மாடிக்குக் கைப்பிடி வைக்காம விட்டுட்டியே, எவனாவது விழுந்தா?" என்று சிரித்தான். இராமையா சொன்னது பொய்யில்லை, பெரிய சிரிப்புத்தான். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒங்கப்பா வீட்டுல இருக்காரா?"

ஓவியா அப்பாவைப் பார்த்தாள். தனம் முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. இராமையா பிள்ளை கையிலிருந்த விளையாட்டுக் கருவியை வாங்கினார். பேசுகிற ஓட்டை எது என்று தெரியாமல் டார்ச் லைட்டைப் பிடிக்கிற மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன்டா."

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நான் மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

"மச்சான்" என்றது குரல்.

"பெட்டி வந்துச்சு மாப்ள. நல்லாத்தான் இருக்கு." இராமையா கருவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மடி எப்ப வரும்?"

"வாரேன் மச்சான். தையில வாரேன். லீவு தரலேன்னா வேலைய விட்டுட்டு வாரேன்."

"வேலைய விட்டுட்டு வந்து என்ன செய்யப் போற, எந்தோப்புல கொட்டை பொறுக்குவியா? ஒனக்கு எப்ப லீவு தர்றாகன்னு மொதல்ல கேட்டுச் சொல்லு. அதுக்கப்பறம் நான் நாள் பார்க்குறேன்."

"சரி மச்சான்."

"அன்னைக்கி நானும் ஒன்னையக் கேக்காமத்தான் நாளைக் குறிச்சேன்" என்றார் இராமையா. அதை அவர் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கருவியைப் பிள்ளை கையில் திருப்பிக் கொடுத்தார். "இந்தா, பேசு. நான் கை கால் கழுவிட்டு வாரேன்" என்று கொல்லைப் பக்கம் போனார்.

தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் தனம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தது. "தம்பி, சாப்டியாப்பா?" என்றது.

நான் வெளியே வந்து, கேஸை முடித்துக்கொள்ளலாம் என்று மேடத்திடம் சொன்னேன்.